அம்மாவும் ஆறு சக்கர வீடும்



வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள்தான் நாம் எல்லோரும். வீட்டையே ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போனது உண்டா? மார்ச் மாதக் கடைசியில் நான் போனேன். அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தில், என் தங்கை வாடகைக்கு எடுத்த ஆர்.வி. என்னும் வண்டியில். அடுப்பு, கட்டில், ஃபிரிட்ஜ், குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்.

'அமெரிக்கா போய் வந்த பெருமையா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது பெருமைக் கதை இல்லை. என் அம்மாவின் கதை. உங்களில் சிலருடைய கதையாகவும் இருக்கலாம்.

ஹூஸ்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அம்மாவும் நானும் ஜனவரியில் போனோம். அம்மாவுக்கு 73 வயது. தங்கை ஆசை ஆசையாய் ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தாள். கடற்கரை, விண்வெளி மையம், பேர்லாண்ட் மீனாட்சி கோயில் என்று. அம்மாவோ எதைக் கேட்டாலும், "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்பார். மதுரைக்காரி மீனாட்சியைப் பார்க்கக்கூட வர மறுத்தால் யாருக்குத்தான் மனசு ஆறும்? ஒரு நாள் தங்கை வெடித்துவிட்டாள். "அக்கா வீட்டுல இருந்தா மட்டும் ஊரெல்லாம் சுத்துவீங்க. என் வீட்டுக்கு வந்தா மூலையில உக்காந்துக்குவீங்க. என்னைப் பிடிக்கலைன்னு சொல்லிடுங்க!" அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்துத் தலையைக் கோதிக்கொண்டே கேட்டேன். வெகு நேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தார். "அடக்க முடியலடி. இருமினாலும் தும்மினாலும் நனைஞ்சு போகுது. வழியில எங்கே போறது? மாப்பிள்ளைகிட்ட அரை மணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்துங்கன்னு சொல்ல முடியுமா? வாய்விட்டுச் சொல்ற விஷயமா இது?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாய்ப் புரிந்தது. விமானத்தில் அத்தனை மணி நேரமும் அம்மா நாலு வாய் தண்ணீர்தான் குடித்திருந்தார். அதற்கு முந்தின வருஷம் திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போய் வந்ததும் குளிரும் காய்ச்சலும் வந்து, சிறுநீரில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் படுத்ததும் இதனால்தான். தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைத்தால் வேறென்ன ஆகும்?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு பிள்ளை பெற்ற எனக்கும் பலமாய்ச் சிரித்தால் அந்தத் தொல்லை உண்டு. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் தங்கையிடம் பக்குவமாய்ச் சொன்னேன். அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாய்லெட் கூடவே வந்தா அம்மா வருவாங்க இல்லையா?" என்று கேட்டாள். இப்படித்தான் ஆர்.வி. யோசனை பிறந்தது.

ஆர்.வி. பார்க் என்றால் என்ன?

இந்த வண்டிகள் ராத்திரி தங்குவதற்கென்றே இடம் ஒதுக்கி நடத்தும் தோப்பு போன்ற மைதானம். அங்கே வெகு காலமாக உள்ள பழக்கம் இது. கே.ஓ.ஏ. என்கிற பெரிய முகாம் நிறுவனம் மோண்டானா மாநிலத்தில் 1962-லேயே தொடங்கியது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மனை. மனை ஓரத்தில் மின்சாரப் பெட்டி, தண்ணீர்க் குழாய், தரையில் சாக்கடைத் துவாரம். மூன்றும் இருந்தால் 'ஃபுல் ஹுக்கப்' என்பார்கள். முதல் தடவை போகிறவர்கள் இந்த மூன்றும் உள்ள மனையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பின்னால் ஓட்டி நிறுத்தத் தெரியாதவர்கள், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிற 'புல்-த்ரூ' மனையாகக் கேட்கலாம்.

நாங்கள் போக நினைத்தது ஹில் கன்ட்ரி என்னும் குன்றுப் பிரதேசம். ஹூஸ்டனிலிருந்து காரில் போனால் சுமார் நாலு மணி நேரம். அங்கே குவாடலூப் ஆற்றங்கரையில் பார்க்க அழகான மனைகள் உண்டு. தங்கை ஒரேயடியாக மறுத்துவிட்டாள். 2025 ஜூலை 4-ம் தேதி விடிவதற்கு முன்னால் அந்த ஆற்றில் வந்த திடீர் வெள்ளத்தை அவள் மறக்கவில்லை. டெக்ஸாஸின் அந்தப் பகுதியில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பிள்ளைகளும் பலர். ஆற்றோர ஆர்.வி. பார்க்குகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்களையும் வெள்ளம் கொண்டுபோனது. ஆகவே ஃப்ரெடரிக்ஸ்பர்க் என்ற ஊர்ப் பக்கம், ஆறு ஓடை இல்லாத மேட்டு மனையாகப் பதிவு செய்தாள். அழகு இரண்டாம்பட்சம், மேடு முதல்பட்சம். நம்மூரில் குற்றாலத்துக்கும் ஆற்றங்கரைக்கும் போகிறவர்களும் இதை மனசில் வைக்கலாம்.

வண்டியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது

வாடகைக்குக் கொடுத்தவர் எல்லாவற்றையும் வேகமாய்க் காட்டிவிட்டுப் போகப் பார்த்தார். தங்கை விடவில்லை. ஒவ்வொரு விசையையும் தானே போட்டு, அணைத்து, நோட்டில் குறித்துக்கொண்டாள். நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

மின்சாரம்: எங்கள் வண்டிக்கு 30 ஆம்பியர் இணைப்பு. அங்கே 120 வோல்ட் என்பதால் மொத்தம் 3600 வாட்தான் தாங்கும். ஏ.ஸி. ஓடும்போது மைக்ரோவேவும் கெட்டிலும் சேர்த்துப் போட்டால் கணக்கு மிஞ்சிவிடும். பெட்டியில் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பிளக்கைச் செருக வேண்டும், பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். மின்சாரம் ஏறி இறங்கினால் வண்டிக்குச் சேதம் வராதபடி காக்கும் சிறு கருவியையும் நடுவில் மாட்டச் சொன்னார்கள்.

தண்ணீர்: குடிநீருக்கென்றே தனி ஹோஸ் விற்கிறது. தோட்டத்துக்கு ஊற்றும் ஹோஸ் கூடாது. குழாயில் சில இடங்களில் அழுத்தம் அதிகம் இருக்குமாம். வண்டிக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள் வெடிக்காமலிருக்க, அழுத்தத்தைக் குறைக்கும் பித்தளைத் திருகு ஒன்றைக் குழாய் முனையில் பொருத்த வேண்டும்.

வெந்நீர்: எங்கள் வண்டியின் வெந்நீர்த் தொட்டி 6 காலன், அதாவது சுமார் 23 லிட்டர். நம் வீட்டு வாளி ஒன்றரைதான்! நனைத்துக்கொண்டு குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலச வேண்டும். வாளிக் குளியலில் பழகிய நமக்கு இது சுலபம்.

ஃபிரிட்ஜ்: இதில் சில கேஸிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். ஆனால் குளிர்வதற்கு மணிக்கணக்காகும். முதல் நாள் ராத்திரியே போட்டுவிட வேண்டும். வண்டி சரிவாக நின்றால் அது சரியாக வேலை செய்யாது. ஆகவே மட்டம் பார்த்துச் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து நிறுத்துவார்கள்.

கேஸ்: அடுப்புக்கு புரொபேன். நம் சிலிண்டர் வாயுவைப் போலவே காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அதனால்தான் கசிவைக் காட்டும் அலாரத்தைத் தரைக்கு அருகில் வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் போடுமுன் கேஸை மூடிவிட வேண்டும். இது தவிர, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று. அந்தப் புகைக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்கக் கூடாது. மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துத் தூங்கிப் போனவர்களைப் பற்றி நாமும் செய்தியில் படித்திருக்கிறோமே, அதே ஆபத்துதான்.

உயரம்: வண்டி 11 அடிக்கு மேல். தங்கை அதை ஒரு சீட்டில் பெரிதாக எழுதி ஸ்டியரிங் எதிரே ஒட்டிவிட்டாள். தாழ்வான பாலத்தின் அடியில் போய்ச் சிக்கினால் கூரை போய்விடும்!

சமையலறை மூட்டை

இந்த இலாகா என்னுடையது. தாளிப்பு வேலைகளை எல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டேன். புளிக்காய்ச்சல், வதக்கிய தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, இட்லிப் பொடி. சின்னக் குக்கர் ஒன்று, வாணலி ஒன்று, கரண்டி மூன்று. உடையாத தட்டு, டம்ளர். முதல் நாளே உறைய வைத்த தயிர். காப்பி டிகாஷன் ஒரு பாட்டில்.

வண்டி ஓடும்போது அலமாரிக் கதவு திறந்து பாத்திரம் உருளும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நடுவில் பழைய துண்டு ஒன்றை வைத்தேன். சத்தமும் வரவில்லை, துடைக்கத் துணியும் ஆயிற்று.

அம்மாவுக்காகத் தனியாகச் செய்தவை: வண்டிப் படி உயரம் என்பதால் வழுக்காத சிறு முக்காலி ஒன்று, கட்டிலிலிருந்து டாய்லெட் வரைக்கும் இரவு விளக்கு, கைக்கெட்டும் இடத்தில் மாற்றுப் புடவையும் உள்ளாடையும், ஒரு சின்ன மக். மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்துத் தைத்த துணிப் பை. தங்கையின் மூன்று வயதுப் பயலுக்கு அவனுடைய கார் சீட். அதை முன்பக்கம் பார்த்த இருக்கையில்தான் கட்ட வேண்டும். பக்கவாட்டு சோபாவில் கட்டக் கூடாது.

ஒரு விஷயம் எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். டாய்லெட் உள்ளேயே இருந்தாலும் வண்டி ஓடும்போது எழுந்து போகக் கூடாது. பிரேக் போட்டால் வயசானவர்கள் விழுந்து எலும்பு முறியும். எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்தே ஆக வேண்டும். இதைக் கேட்டதும் அம்மா முகம் வாடிவிட்டது. மாப்பிள்ளைதான் சட்டென்று சொன்னார்: "அத்தை, டீசல் பெட்ரோல் எதுக்கும் இல்லை, எனக்கே முதுகு வலி. முக்கால் மணிக்கு ஒரு தடவை நிறுத்தப் போறேன்." சொன்னபடியே நிறுத்தினார். நிறுத்தி இறங்கி அந்தண்டை திரும்பி நின்று முதுகை நெளித்துக்கொண்டிருப்பார். நாலு மணிப் பயணம் ஆறு மணியாயிற்று. யாரும் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது நிறுத்தத்தில் அம்மா தாமாகவே ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். தங்கையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சாலையின் இரு பக்கமும் நீலப் பூ விரித்திருந்தது. புளூபானட் என்று பெயர். 1901-ல் அதைத் தங்கள் மாநிலப் பூவாக அறிவித்தார்களாம். அம்மா ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

முதல் நாள் கூத்து

போய் நிறுத்தினோம். பிளக், தண்ணீர் எல்லாம் நோட்டைப் பார்த்து மாட்டியாயிற்று. வெயில் என்று ஏ.ஸி. ஓடியது. பையனுக்குப் பால் மைக்ரோவேவில். காப்பிக்கு நான் கெட்டிலைத் தட்டினேன். பட்டென்று எல்லாம் நின்றது! 3600 வாட் கணக்கை எழுதி வைத்தது யார்? நான்தான். மறந்தது யார்? அதுவும் நான்தான். சுவிட்சை மறுபடி தூக்கிவிட்டதும் சரியாயிற்று.

சாயங்காலம் இன்னொன்று. ரசத்துக்கு மட்டும் தாளித்துக்கொள்ளலாம் என்று மிளகாயைக் கிள்ளிப் போட்டேன். புகை அலாரம் ஊரைக் கூட்டியது. பையன் காதைப் பொத்திக்கொண்டு, "பெரியம்மா, வீடு அழுவுது!" என்றான். அதற்கப்புறம் மேல் ஜன்னலைத் திறந்து விசிறியைப் போடாமல் அடுப்பைத் தொடவில்லை. தாளிப்பெல்லாம் வெளியே, மனையில் இருந்த மர மேஜை மேல் சின்ன அடுப்பை வைத்துத்தான்.

எண்ணெய், நெய், சாதப் பருக்கை எதையும் தொட்டியில் ஊற்றக் கூடாது. தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவ வேண்டும். டாய்லெட்டில் அதற்கென்று விற்கும் சீக்கிரம் கரையும் காகிதம் மட்டும்தான். குழந்தைக்குத் துடைக்கும் ஈரத் தாள், நாப்கின் எதுவும் கூடாது.

யாரும் சொல்லாத வேலை

வண்டியின் அடியில் இரண்டு தொட்டிகள் உண்டு. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஒன்றில். டாய்லெட் கழிவு மற்றொன்றில். துவாரத்தில் குழாயை மாட்டி நாம்தான் காலி செய்ய வேண்டும். மாப்பிள்ளை இரண்டு அடைப்பையும் திறந்து வைத்துவிட்டு, 'அது பாட்டுக்குப் போகட்டும்' என்று நிம்மதியாக இருந்தார்.

பக்கத்து மனையில் எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரத் தம்பதி. அந்த அம்மாள் குழாயைப் பார்த்துவிட்டு விடுவிடுவென்று வந்தார். டாய்லெட் அடைப்பைத் திறந்தே வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது அடியில் தங்கிக் கெட்டியாகிவிடும் என்றார். அதை மூடியே வைத்து, டாய்லெட்டில் நிறையத் தண்ணீர் விட வேண்டும். முக்கால் பங்காவது நிரம்பிய பிறகு ஒரே மூச்சில் திறந்துவிட வேண்டும். அதன் பின்னால் சோப்புத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயும் தானே அலசிப் போகும். கையுறை அவசியம். இதற்கு வைத்திருக்கும் ஹோஸைக் குடிநீர் ஹோஸோடு சேர்த்து வைக்கவே கூடாது.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மக் மக்காய்த் தண்ணீர் ஊற்றுகிற நம் பழக்கம்தான் அந்தத் தொட்டிக்கு நல்லதாம்!

கிளம்புகிற அன்று மாப்பிள்ளை கையுறையோடு தயங்கி நிற்க, நான் போய் அடைப்பை இழுத்தேன். பிள்ளை வளர்த்த கைக்கு இதென்ன பெரிய அசிங்கம்? ஐந்து நிமிட வேலை.

இரண்டாம் நாள் சாயங்காலம் அந்த அம்மாள் எங்கள் மேஜைக்கு வந்து காப்பி குடித்தார். 'உங்கள் தாயாருக்குப் பயணம் பிடித்திருக்கிறதா?' என்று கேட்டார். தங்கை சுற்றி வளைத்து, 'டாய்லெட் கூட இருப்பதால் வந்தார்' என்றாள். அவர் சிரித்துவிட்டு, தாமும் பல வருஷம் அந்தப் பயத்திலேயே எங்கும் போகாமல் இருந்ததாகவும், அதனால்தான் இந்த வண்டியை வாங்கியதாகவும் சொன்னார். தங்கை தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெல்ல, "இங்கேயும் இருக்குதா?" என்றார். எங்கேதான் இல்லை அம்மா!

டாக்டர் சொன்னது

ஊர் திரும்பியதும் அம்மாவைப் பெண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். நானும் காட்டிக்கொண்டேன். 'வயசானால் இப்படித்தான்' என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, வைத்தியம் இருக்கிறது என்றார். தண்ணீரைக் குறைப்பது தப்பு. காப்பியை வேண்டுமானால் குறைக்கலாம். மலச்சிக்கல் இருந்தால் இது அதிகமாகும், அதையும் கவனிக்க வேண்டும். பயிற்சி ஒன்றும் சொல்லிக்கொடுத்தார். சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, தளர்த்த வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஒரு வேளைக்குப் பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பிள்ளை பெற்ற இளம் தாய்மார்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு இப்போதே ஆரம்பிப்பது நல்லது. எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், வயசானவர்களுக்குத் திடீரென்று புத்தி தடுமாற்றம் இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

நம் பக்கத்திலும் இந்த வண்டிகள் வர ஆரம்பித்திருக்கின்றன. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கியது. என்றைக்காவது நீங்களும் போகலாம். போகாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் வீட்டில் ஒரு பெரியவர், "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்று அடிக்கடி சொன்னால், பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு தடவை கேளுங்கள்.

கடைசி நாள் காலையில் 'என்சான்ட்டட் ராக்' என்ற பெரிய இளஞ்சிவப்புக் கருங்கல் குன்றுக்குப் போனோம். அம்மா ஏறவில்லை. அடிவாரத்தில் பேரனோடு உட்கார்ந்து, "நம்ம ஆனைமலை மாதிரியே படுத்திருக்குடா" என்று காட்டிக்கொண்டிருந்தார். தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைப் பிடிக்காம இல்லடி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தத் தண்ணிப் பாட்டிலை எடு" என்றார்.

மறு ஞாயிற்றுக்கிழமை பேர்லாண்ட் மீனாட்சியையும் பார்த்துவிட்டோம். காரில்தான். வழியில் ஒரே ஒரு தடவை நிறுத்தினோம். நிறுத்தச் சொன்னது அம்மாவேதான்!